கடலோர வண்டலின் வயது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வண்டலில் புதைந்த மகரந்தத்தையும் நுண்ணிய கடலுயிர்களின் உறைகளையும் வைத்து அதன் வயதைக் கணிப்பது பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: ஊதினால் பறந்துவிடும் மகரந்தம் கோடி ஆண்டுகள் எப்படிக் கெடாமல் இருக்கிறது?

உள்ளிருப்பது சீக்கிரமே அழுகிவிடும். ஸ்போரோபொலெனின் என்ற பொருளாலான வெளி ஓடுதான் நிற்கும். ஆய்வகத்தில் சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், மணலையும் களியையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திலும் கரைக்கிறோம். பாறையே கரைந்த பிறகும் ஓடு மிஞ்சும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் அரித்துப்போகும். அதனால் செம்மண்ணை விட்டுவிட்டுக் கறுப்புக் களியைத் தேடுகிறோம்.

கேள்வி: மகரந்தத்தைப் பார்த்ததுமே வயதைச் சொல்லிவிடுவீர்களா?

முடியாது. எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசைதான் அதில் தெரியும். ஆண்டுக்கணக்கு, எரிமலைச் சாம்பலின் கதிரியக்க வயதிலிருந்தும் பூமியின் காந்தத் திசை மாறிய பதிவுகளிலிருந்தும் வருகிறது. அபெக்டோடினியம் என்றொரு மிதவை உயிரியின் உறை உண்டு. பெரும்பாலும் ஐந்து மூலைகளோடு இருக்கும். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறியபோது உலகின் பல கடல்களில் அது பெருகியது. அந்தப் பெருக்கம் ஓர் அடுக்கில் தெரிந்தால் வயது ஏறக்குறைய பிடிபட்டுவிடும்.

கேள்வி: நிலத்து மகரந்தம், கடல் உறை இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கிறீர்கள்?

கடலோர வண்டலின் அருமையே அதுதான். ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டும் அருகருகே கிடக்கும். தென்கிழக்கு இங்கிலாந்தின் லண்டன் களியைப் பாருங்கள். கடலில் படிந்த மண் அது, வயது 5 கோடி ஆண்டுக்கு மேல். அதை அடுக்கடுக்காகப் பிரிக்க வெட்ஸெலியெல்லா என்ற மிதவை உயிரி வகையின் உறைகள் உதவுகின்றன. அதே களியில் நிப்பா பனையின் மகரந்தமும் இருக்கிறது. முள் நிறைந்த உருண்டை, நடுவே சுற்றிப் போகும் பிளவு. அங்குள்ள ஷெப்பி தீவில் அந்தப் பனையின் காய்களே புதைபடிவமாகக் கிடைக்கின்றன. இன்று சுந்தரவனத்து உப்பங்கழிகளில் நிற்கும் மரம் அன்று அங்கே நின்றிருக்கிறது! கடல் உறை காலத்தைச் சொல்ல, மகரந்தம் அந்தக் காலத்துக் கரை எப்படி இருந்தது என்று சொல்கிறது. ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு வயது சொல்வதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: பழைய மகரந்தம் ஆற்றில் அடித்துவந்து கலந்துவிடாதா?

கலக்கும். அதனால் கூட்டத்தில் இளையதை வைத்தே வயதைக் கணிக்க வேண்டும். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றினால் பழைய ஓடுகள் பெரும்பாலும் வேறு நிறத்தில் தனித்துத் தெரியும்.

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் போர் போட்டபோது வந்த களியை வைத்திருக்கிறேன். பயன்படுமா?

படும், கொஞ்சம் கவனம் தேவை. துளைக்கும்போது மேல்மண் சரிந்து கீழே விழும். ஆகவே ஓர் இனம் எந்த ஆழம் வரை கிடைக்கிறது என்பதை நம்பாதீர்கள். மேலிருந்து கீழே போகும்போது முதலில் எங்கே தென்படுகிறது என்பதையே நம்புங்கள். சோதிக்க நம் ஊர்ச் சவுக்கே போதும். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது இங்கே தோட்டம் தோட்டமாக வந்தது. ஆழத்துக் களியில் சவுக்கு மகரந்தம் நிறைய இருந்தால், அது மேலிருந்து விழுந்ததா, காற்றில் வந்து ஒட்டியதா என்று முதலில் பாருங்கள். கட்டியின் வெளிப்புறத்தைச் சீவிவிட்டு, நடுப்பகுதியைப் பையில் மூடி, ஆழத்தை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அமில வேலையை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து.