திருப்புளி யார் கையில்?

கேள்வி: பள்ளி மாணவர்களின் ரோபோ குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். தொடக்கத்தில் துள்ளிய ஆர்வம் சில வாரங்களில் வடிந்துவிடுகிறது. அறிவியலிலும் கணிதத்திலும் நிலையான ஈடுபாடு வர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பழுது வந்தவுடன் திருப்புளி பெரியவர் கைக்குப் போய்விடுவதே ஆர்வம் வடிவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறம் அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டைத்தான் சென்சார் எண்ணாகத் தருகிறது. வளைவில் வண்டி இடமும் வலமுமாகத் தள்ளாடும்போது விடையைச் சொல்லிவிடாமல், கோட்டின்மேல் என்ன எண் வருகிறது, விளிம்பில் என்ன வருகிறது என்று கேட்டு, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து விலகல் கூடினால் திருப்பமும் அதற்கேற்பக் கூட வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்து நிரலை மாற்ற, வண்டி தள்ளாடாமல் வளைவைக் கடக்கும் அந்த நொடியில், பாடப்புத்தகத்தில் உறங்கிக்கிடந்த விகிதம் அவர்களுடைய சொந்தச் சொத்தாகிவிடும். 1967-ல் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியபோதும், பிழையைத் தேடித் திருத்துவதையே கற்றலின் வழியாகக் கண்டார்கள்.

இன்னொன்று: நிரல் எழுதுவது எப்போதும் ஒரே மாணவரிடம் தங்கிவிட வேண்டாம். மாணவிகளிடம் அலங்கார வேலையும் அறிக்கை எழுதுவதும் மட்டும் ஒதுங்கிவிடுகிறதா என்றும் கவனியுங்கள். வாரந்தோறும் பொறுப்புகளை மாற்றிக்கொடுங்கள். உங்களுக்கே விடை தெரியாதபோது, "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.