மாமனாருக்கு மருந்து, மகளுக்குக் கல்லூரி: நகையை விற்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் (41) விசைப்படகில் பங்குக்குப் போகிறார். கடலுக்குப் போகிற மாதங்களில் கைக்கு வருவது சராசரியாக 20,000 ரூபாய். நான் (37) நண்டு கம்பெனியில் 9,000 வாங்குகிறேன். வீட்டுச் செலவு, வட்டி எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ஆகிறது. மாமனாருக்கு (71) பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சரியாக வரவில்லை. மாமியாருக்கு (66) சர்க்கரை, பிரஷர். அவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள், ரேஷன் கார்டு மட்டும் தனி. அந்த 25,000-ல் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரவும் மட்டும் மாதம் 4,500 போகிறது. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. 8 பவுனில் 5 பவுன் அடகுக் கடையில், 1,50,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி. வெளியே 40,000 ரூபாய் மூன்று வட்டிக்கு. சென்னையில் இருக்கும் கொழுந்தனார் நினைத்தால் பணம் அனுப்புவார். மகள் படிப்புக்கு நகையை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம், சகோதரி. படிப்புக்குக் கடன் கிடைக்கும். கணவருக்கு நாளை உடம்பு முடியாமல் போனால் அந்த நேரத்தில் எந்த வங்கியும் கடன் தராது. அன்றைக்கு உதவப்போவது அந்த 8 பவுன்தான்.

முதலில் வட்டியை மாற்றுங்கள். இப்போது அடகுக் கடைக்கு மாதம் 2,250, மூன்று வட்டிக்கு 1,200, ஆக 3,450 ரூபாய் போகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டில் இருக்கும் 3 பவுனை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கல் எடையைக் கழித்துவிடுவார்கள் என்பதால் கல் இல்லாத நகையாகப் பாருங்கள். இன்றைய விலையில் 3 பவுனுக்கு ஒன்றரை லட்சம் கடன் தாராளமாகக் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் இருக்கும் 5 பவுனைத் திருப்புங்கள். அதில் ஒரு பவுனை அதே வங்கியில் வைத்து மூன்று வட்டிக் கடனை அடையுங்கள். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் 1,90,000 ரூபாய்க்கு மாதம் 1,425 வரும். நீங்கள் பழையபடி 3,450 கட்டிக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் அசலில் சுமார் 24,000 குறைந்துவிடும். நாலு பவுனும் வீட்டில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நகைக் கடன் பெரும்பாலும் 12 மாதக் கெடு. ஏப்ரலில் வைத்தால் அடுத்த ஏப்ரலில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது, கெடு வந்து நிற்கும். நம் கடற்கரையில் நகை ஏலத்துக்குப் போவதற்கு இது பெரிய காரணம். ஆகஸ்ட், செப்டம்பரில் வைப்பது நல்லது. கெடு வரை விடாமல் வட்டியை மாதாமாதம் கட்டுங்கள்.

அடுத்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். உங்களுக்கு அந்த இரண்டு மாதத்துக்கு 50,000 வேண்டும், உங்கள் சம்பளம் 18,000 வரும், பற்றாக்குறை 32,000. அரசு தரும் நிவாரணம் 8,000. ஆனால் அது எந்த வாரம் கணக்கில் ஏறும் என்று நம்பி இருக்க முடியாது, அதனால் கணக்கில் சேர்க்காதீர்கள். தொழில் நடக்கும் பத்து மாதமும் மாதம் 3,200 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். உங்கள் 29,000 வரவில் 25,000 செலவு போக இது முடியும். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால் அரசுப் பங்கோடு 4,500 ஆகத் திரும்பும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுக் கட்டாயம் சேருங்கள். நிவாரணம் 8,000 வந்ததும் பெரியவர்களின் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கென்று ஒதுக்குங்கள்.

மாமனார், மாமியாரின் ரேஷன் கார்டு தனியாக இருப்பது உங்களுக்கு நல்லது, உங்கள் கார்டோடு சேர்க்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000. உங்கள் வருமானம் அதைத் தாண்டுகிறது. அவர்கள் கார்டுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். கார்டில் பெயரும் ஆதாரில் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நேரத்தில் சிக்கல் வருவது இங்கேதான்.

ஆனால் இந்தத் திட்டம் தினசரி மருந்துக்குப் பணம் தராது. அதற்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், மாமனாருக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டில் தருவார்கள். பரிசோதனைக்கு 45 கிலோமீட்டரில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மதுரைக்கு வண்டி பிடிக்க வேண்டியதில்லை. 4,500 பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு.

உங்கள் நால்வருக்கும் தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்தால் பெரியவர்களை அதே பாலிசியில் சேர்க்க வேண்டாம். குடும்ப பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள்.

மகள் கலந்தாய்வு வழியாகவே சேரட்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். மீதிக்குக் கல்விக் கடன்: 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்புக்கு, படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நகையைக் கொடுத்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

கணவர் விஷயத்தை இந்த வாரமே முடியுங்கள். கடலில் விபத்து நேர்ந்தால் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு, ஆனால் படகில் நெஞ்சு வலி வந்து இறந்தால் அது விபத்தாகாது. அதற்குத்தான் வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 50 வயதுவரை சேரலாம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் வரும். வங்கியிலேயே ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டை மாமியாருக்கும் போடலாம். இவற்றின் பணம் மே மாதக் கடைசியில் பிடிக்கப்படும், அதாவது தடைக்காலத்தின் நடுவில். கணக்கு காலியாக இருந்தால் பாலிசி அறுந்துவிடும், அதனால் ஏப்ரலிலேயே போட்டு வையுங்கள்.

கணவரின் வங்கிக் கணக்கை இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்கில் வழக்கு நடந்தால், அவர் பெயரில் மட்டும் உள்ள பணத்தை உங்களால் தொட முடியாது. மாமனார் கை நடுங்குகிறது என்றால் அவர் கணக்குக்கும் இதையே செய்யுங்கள்.

கொழுந்தனாரிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒரு செலவை முழுதாக அவர் பெயரில் எழுதுங்கள்: பெரியவர்களின் மருந்துக் கடை பில் உங்களுடையது, மாதம் 5-ம் தேதி நேராகக் கடைக்கே அனுப்பிவிடுங்கள் என்று. பேச்சைக் கணவர் எடுக்கட்டும், மாமியார் பக்கத்தில் இருக்கட்டும். 2007-ம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 வரை விதிக்கலாம். மனு மாமனாரோ மாமியாரோ கொடுக்க வேண்டியது. அதுவரை போகாமல் மருந்து பில்லிலேயே முடித்துக்கொள்ளப் பாருங்கள்.