பெண்கள் பதவி உயர்வு பெற அலுவலகத்தில் ஒரு வழிகாட்டி தேவையா? திறமை போதாதா?

போதாது. பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து அதிகாரியானவள் என்ற முறையில் சொல்கிறேன். வேலையில் ஒரு குறையும் வைக்காமல், ஒவ்வொரு முறையும் பக்கத்து இருக்கைக்காரருக்கு உயர்வு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவராகத்தான் நீங்களும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது.

வங்கிக் கிளைகளில் பெண் ஊழியர் என்றால் கேஷ் கவுண்டர், பாஸ்புக், டெபாசிட், நகைக்கடன். தொழில் கடன் பிரிவு பெரும்பாலும் ஆண்களுக்குப் போய்விடும். அதில் கடனுக்கு ஈடாகக் காட்டிய சரக்கு இருக்கும் கிடங்குகளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், மேலாளரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும், திரும்பி வர இருட்டிவிடும். "உங்களுக்கு எதற்கு மேடம் இந்த அலைச்சல்" என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் அதிகாரி பதவிக்கான நேர்காணலில் பாஸ்புக்கைப் பற்றி யார் கேட்கிறார்கள்? வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகள் இரண்டையும் நான் முடித்திருந்தேன். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக் கடன் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "கிடங்குக்குள் போனதும் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார்கள். கிடங்கு வாசலைக்கூட எனக்குக் காட்டியதில்லை. அந்த முறை என் பெயர் பட்டியலில் வரவில்லை.

பிறகு கரூரில் நான் இருந்த கிளைக்கு ஒரு பெண் மேலாளர் வந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துக் கடன் பிரிவில் உட்கார வைத்தார். அந்த வாரமே படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்குக்கு அழைத்துப் போனார். முன்வரிசையில் எல்லாம் புதுக் கட்டுகள். "பின்னால் போய் அடித்தட்டைப் பாரும்மா" என்றார். அங்கே இருந்த கட்டுகளில் தூசி விரல் பதிகிற அளவுக்குப் படிந்திருந்தது; சீட்டில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதி. அங்கேயே நின்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சரக்கு 40 லட்சம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். நூல் வாங்கியதில் பாக்கி 10 லட்சம். மீதி 30 லட்சத்தில் 25 சதவீத மார்ஜினை, அதாவது நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, கழித்தால், 22.5 லட்சம் வரை அவர்கள் கடன் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். தேங்கிய சரக்கு 8 லட்சம் என்றால் அதை முதலிலேயே தள்ள வேண்டும், அப்போது 16.5 லட்சம்தான். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆய்வு அறிக்கையை என்னையே எழுத வைத்தார். மண்டல அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுதியது யார் என்று என் பெயரைச் சொன்னார். அடுத்த நேர்காணலில் தேறினேன். பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வரும் என்று வீட்டில் தயங்கியபோதும், பெண் ஊழியர்களை இயன்றவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் அமர்த்தும்படி மத்திய நிதிச் சேவைகள் துறை 2014-ல் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியிருந்ததை எடுத்துக் காட்டியவர் அவர்தான். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் கிளையில் பல பெண்களுக்குத் தெரியாது.

இதைச் சலுகை என்பவர்கள் உண்டு. ஆண்களுக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், ஐயா. மாலையில் கிளைக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருக்கிறார்கள். எந்தக் கிளையில் இடம் காலியாகிறது, போன முறை நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். அந்த நேரத்தில் நாங்கள் பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவர ஓடிக்கொண்டிருப்போம். ஸ்டேட் வங்கிக்கு 2013-ல் அருந்ததி பட்டாச்சார்யா தலைவராகவில்லையா என்றும் கேட்பார்கள். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1977-ல் அவர் சேர்ந்ததே புரொபேஷனரி அதிகாரியாக, அதாவது நேரடியாக அதிகாரி நிலையில். கவுண்டரில் தொடங்கும் பெண்ணின் பாதை வேறு.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். முன்னேற்றத் திட்டம் என்று சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள், வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கிராமக் கிளைகளில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையை முதலில் கட்டித் தரட்டும். காலையில் தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வரும் பெண்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். எத்தனை முறை எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதவி உயர்வு நேர்காணலில் எந்த வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அந்த வேலையை உங்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் போய் அதைக் கேளுங்கள். அவர் ஆணாக இருந்தாலும் பரவாயில்லை. வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால், பணிச் சுழற்சி, அதாவது பிரிவு மாற்றி வேலை, வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.