பொண்ணு கெமிஸ்ட்ரிக்கே போகட்டும், நானோ என்று பேர் போட்ட டிகிரி வேண்டாம்

அண்ணா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: நர்சிங் படித்தால் உடனே வேலை, பொண்ணு என்னவோ கார்பன் டாட் என்கிறாளே, அது சோறு போடுமா? போடும், ஆனால் லேட்டாகத்தான் போடும்.

அவள் சொல்வது சும்மா இல்லை. கார்பன் டாட் என்பது 10 நானோமீட்டருக்கும் சின்னக் கார்பன் துகள், 2004-இல் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஆரஞ்சுச் சாற்றை இறுக்கி மூடி 120 டிகிரியில் வைத்துக்கூடச் செய்திருக்கிறார்கள். வருகிற பழுப்புத் தண்ணீரில் புற ஊதா விளக்கை அடித்தால் நீலமாக ஒளிரும். உயிருள்ள செல் இதை உள்ளே இழுத்துக்கொள்வதால் மைக்ரோஸ்கோப்பில் அப்படியே பார்க்கலாம், இதே மாதிரி ஒளிரும், காட்மியம் உள்ள குவாண்டம் டாட் என்ற துகள் அளவுக்கு நச்சுப் பயமும் இல்லை.

யூடியூபில் இவ்வளவுதான் காட்டுவார்கள். அப்புறம்தான் வேலையே. சின்ன மூலக்கூறை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் ஊற்றி, வெளித்தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளிர்வது துகளா, கூடவே உண்டான சின்ன மூலக்கூறா என்றே பிரிக்க முடியாது. செல்லுக்கே இயல்பாகக் கொஞ்சம் நீல ஒளி உண்டு, துகளின் நீலம் அதில் கலந்துவிடும், அதனால் சிவப்பில் ஒளிரும் துகளுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாப்பாவுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை மார்க் ஷீட்டில் தேடாதீர்கள்.

பி.டெக் நானோடெக்னாலஜி என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போங்கள், அடித்தளம் கெமிஸ்ட்ரிதான். விதுராவிலும் திருப்பதியிலும் ஐசர் (IISER) என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, அதில் சேர ஐஏடி (IAT) என்ற நுழைவுத் தேர்வு. நாலு பாடத்திலும் தலா 15 கேள்வி, கணக்கும் உண்டு, பயாலஜி குரூப் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். கிடைக்காவிட்டால் பக்கத்துக் காலேஜில் பி.எஸ்சி, பிறகு ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி, பாலக்காடு ஐஐடி கஞ்சிக்கோட்டில்தானே, பஸ் தூரம். நெட் (NET) தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. பி.எச்டி முடிய அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருப்பீர்களா என்று நீங்களும் அக்காவும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சியோடு நிறுத்தினாலும் மருந்துக் கம்பெனியில் க்யூசி என்ற தரப் பரிசோதனைப் பிரிவில் இடம் உண்டு, ஆரம்பச் சம்பளம் சுமார்தான். நர்சிங் அப்ளிகேஷனையும் போட்டு வையுங்கள், சரி, ஆனால் அவளிடம் சொல்லிவிட்டே போடுங்கள்.