300 நாள் வெயில் சரி, மீதி 65 நாள்? ஸ்பெயின் கடற்கரையில் வீடு வாங்குமுன்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்கா கடற்கரையில், டோரேவியேஹா ஊரில், 1974-இல் கட்டிய அடுக்குமாடியின் முதல் தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இரண்டு படுக்கையறை, 70 சதுர மீட்டர், மேற்குப் பார்த்த பால்கனி, கடல் 150 மீட்டரில். குளிர்காலத்தில் மூன்று மாதம் தங்குவோம், மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும். "வருடத்தில் 300 நாள் வெயில், ஹீட்டிங்கே தேவையில்லை" என்கிறார் முகவர். நம்பலாமா?

பதில்: வெயில் விஷயத்தில் முகவர் சொல்வது பெரிய பொய் இல்லை. அலிகாந்தே மாகாணத்தின் தென்கரையில் ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர்தான். சென்னையில் வடகிழக்குப் பருவமழை சில நாளில் கொட்டித் தீர்க்கும் அளவு அது. ஹீட்டிங் தேவையில்லை என்பதைத்தான் ஏற்க முடியாது. நீங்கள் தங்கப்போவதும் குளிர்காலத்தில் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஜனவரியில் அலிகாந்தேயில் பகல் வெப்பம் 17 டிகிரியைத் தொடும், இரவில் 6, 7-க்கு இறங்கும். சராசரி 12 டிகிரி. வெப்பத்தடுப்பு இல்லாமல் பல மாதம் பூட்டிக் கிடந்த கட்டடம் இந்தச் சராசரியை ஒட்டித்தான் நிற்கும். அதனால் வெளியே வெயிலில் சட்டையோடு காபி குடித்துவிட்டு உள்ளே வந்து ஸ்வெட்டர் தேடுவது அந்தக் கரையில் வாடிக்கை. ஸ்பெயினில் வெப்பத்தடுப்புக்கான முதல் கட்டட விதி வந்தது 1979-இல். கடுமையான விதித்தொகுப்பு 2006-இல். உங்கள் கட்டடம் இரண்டுக்கும் முந்தையது. சுவர் என்பது பெரும்பாலும் துளைச் செங்கல் இரண்டு வரிசை, நடுவே வெறும் காற்று. ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, தரையில் டைல்ஸ். வெயிலில் வெந்துபோகாமல் இருக்கக் கட்டிய வீடு, குளிரை நினைத்துக் கட்டியதல்ல.

எந்தத் திசை பார்த்த வீடு என்பது இங்கே பணம். நம் ஊரில் தெற்கு வாசல் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த வழக்கத்தை 38 டிகிரி அட்சரேகைக்குத் தூக்கிப்போக வேண்டாம். அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் தென்வானில் 28 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் 75 டிகிரி. தெற்குப் பார்த்த கண்ணாடிக் கதவுக்கு மேலே 1.2 மீட்டர் நீளத்தில் ஒரு ஸ்லாப் நீண்டிருக்கிறது என்று வையுங்கள். ஜூன் நண்பகலில் அதன் நிழல் 4 மீட்டருக்கும் கீழே விழும், கதவு முழுக்க நிழலில் இருக்கும். டிசம்பரில் மேலே 65 சென்டிமீட்டர் மட்டும் நிழல். மீதி வெயில் அறைக்குள் வந்து தரையைச் சூடாக்கும். மின்சாரச் செலவில்லாத ஹீட்டர் அதுதான்.

மேற்குப் பால்கனிக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. குளிர்காலத்தில் மதியத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் வெயில் எட்டிப்பார்க்கும். ஜூலை, ஆகஸ்டில் மாலையில் தாழ்ந்து இறங்கும் சூரியன் மறையும்வரை நேரே கண்ணாடியில் அடிக்கும்; மேல் ஸ்லாப் எவ்வளவு நீண்டிருந்தாலும் தடுக்காது. வெளிப்பக்கம் விழும் சுருள் தட்டி, அதாவது பெர்சியானா, சரியாக இறங்குகிறதா என்று ஒவ்வொரு ஜன்னலிலும் இழுத்துப் பாருங்கள். உள்ளே திரை போடுவதில் பெரிய பயன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு உள்ளேயே தங்கிவிடும். பால்கனியை முழுக்கக் கண்ணாடியால் மூடியிருந்தால் அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள். மூடிய மேற்குப் பால்கனி கோடையில் அடுப்பு, அனுமதியில்லாவிட்டால் உங்கள் தலைவலி.

ஹீட்டிங்குக்கு வருவோம். குளிரூட்டவும் சூடாக்கவும் செய்கிற இருவழி ஏசி போதும், அங்குள்ள குளிருக்குச் சிக்கனமும் அதுதான். கூடத்துக்கு 3.5 கிலோவாட், படுக்கையறைக்கு 2.5 கிலோவாட் திறன் (தரும் சூட்டின் அளவு, இழுக்கும் மின்சாரம் அல்ல) பொதுவாகச் சரிவரும். ஆனால் முதலில் மின்கட்டண ரசீதைக் கேட்டு, ஒப்பந்த மின்திறன் என்ன என்று பாருங்கள். பழைய விடுமுறை வீடுகளில் 3.45 கிலோவாட் என்றே இருக்கும். ஒரு ஏசி, தண்ணீர் சூடாக்கும் கலன், ஓவன் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்சாரம் துண்டிக்கும். 4.6 அல்லது 5.75-க்கு உயர்த்த வேண்டி வரலாம். உயர்த்த விண்ணப்பித்தால் போதும் என்று நினைக்கலாம். 1974 வயரிங்குக்கு மின்பணியாளரின் புதிய சான்றிதழ் கேட்பார்கள், அதற்காக உள்வயரிங்கை மாற்ற வேண்டி வரலாம். விலை பேசும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது உப்பு. கடலிலிருந்து 150 மீட்டர் என்பது காலை நடைக்கு அழகு, கான்கிரீட்டுக்கு நஞ்சு. காற்றில் வரும் உப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டினால் துரு பிடிக்கும். துரு, இரும்பைப்போல் சில மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளி மேல்பூச்சை உடைக்கும். முதலில் அடிபடுவது பால்கனியின் விளிம்பும் அடிப்பாகமும். உங்கள் பால்கனியைப் பார்த்தால் போதாது. தெருவில் நின்று மேல்வீட்டுப் பால்கனியின் அடியை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக விரிசல், பழுப்புக் கறை, ஒரு பகுதி மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் நின்று விசாரியுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், பிரிந்தது சொத்தையாகத் தொம்மென்று கேட்கும். சரியான பழுதுபார்ப்பு என்றால் கம்பியைச் சுற்றிலும் வெட்டி, துருவைப் பளபளப்பு தெரியும்வரை சுரண்டி, காப்புப் பூச்சு தடவி, பழுதுக்கான சிறப்புக் கலவையால் மூட வேண்டும். சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தது இரண்டு மூன்று குளிர்காலம் தாங்கினால் அதிகம்.

இந்தச் செலவு உங்கள் தனிச் செலவல்ல, கட்டட உரிமையாளர் சங்கத்துடையது. அவரவர் பங்கு விகிதப்படி சிறப்பு வசூல் போடுவார்கள்; அதற்கு அங்கே பெயர் தெர்ராமா. வாங்குமுன் மூன்று காகிதம் கேளுங்கள்: கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், பாக்கி இல்லை என்ற சங்கச் சான்றிதழ், கட்டடத்தின் நிலையைச் சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை. 50 வயது கடந்த அடுக்குமாடிக்கு இந்த மூன்றாவது கட்டாயம். உங்களுடையது அந்த வயதைத் தாண்டிவிட்டது. பழைய உரிமையாளரின் சங்க பாக்கியில் நடப்பாண்டும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரும் என்பது ஸ்பெயின் சட்டம். கூட்டக் குறிப்பில் "முகப்புப் பழுது, அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்று இரண்டு ஆண்டாகத் தள்ளிப்போட்டிருந்தால், பணம் கட்டும் பொறுப்பு உங்களுடையதாகத்தான் இருக்கும்.

உள்ளே மாட்டும் பொருள்களில் திருகாணி, கொக்கி எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி கட்டும். ஏசியின் வெளிப்பெட்டித் தகடுக்குத் துருக்காப்புப் பூச்சு வேண்டும்; நீங்கள் தங்கும் மாதங்களில் நல்ல தண்ணீரால் மெதுவாக அலசிவிடுங்கள்.

இனி மழை. ஆண்டு முழுக்க 300 மில்லிமீட்டர் என்று சொன்னோம், ஆனால் அது பங்கிட்டுப் பெய்வதில்லை. கோடை முழுக்கச் சூடேறிய கடலின் மேல் செப்டம்பர் முதல் நவம்பர்வரை மேல்வானில் குளிர்க்காற்றுத் திரள் ஒன்று தனியே பிரிந்து வந்து நின்றுவிட்டால், கடல் ஈரமெல்லாம் சில மணி நேரத்தில் கொட்டும். அந்த ஊர்க்காரர்கள் இதைக் கோட்டா ஃபிரியா என்பார்கள், வானிலையாளர்கள் டானா என்பார்கள். 2019 செப்டம்பரில் டோரேவியேஹாவுக்குப் பக்கத்து வேகா பாஹா பகுதியில் செகுரா ஆறு கரை உடைத்து ஒரிவேலா மூழ்கியது. 2024 அக்டோபர் 29-இல் வலென்சியா பக்கம் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தரைத்தளத்திலும் நிலத்தடி கார் நிறுத்தத்திலும் அகப்பட்டவர்கள். ரம்ப்லா என்பது ஆண்டு முழுக்க மணலும் கல்லுமாகக் கிடக்கும் காட்டாற்றுப் படுகை. பல ஊரில் அதன் மேலேயே தெரு போட்டிருக்கிறார்கள். தெருப்பெயரில் ரம்ப்லா, பர்ராங்கோ (ஓடைப் பள்ளம்) என்ற சொல் வந்தால் ஒருமுறை நின்று தரை எந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது என்று பாருங்கள். அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அலிகாந்தேயும் அடங்கிய வலென்சியா தன்னாட்சிப் பகுதியின் அரசு தனியாக ஒன்று வைத்திருக்கிறது. இரண்டிலும் முகவரியைத் தேடுங்கள். முதல் தளம் என்பதால் வீடு தப்பலாம். கூடவே கொடுக்கும் நிலத்தடி கார் நிறுத்துமிடமும் பொருளறையும் தப்பாது. அவற்றுக்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். ஆறு, கடல் பொங்கி வரும் வெள்ளச் சேதத்தைத் தனியார் நிறுவனம் தராது. கொன்சோர்சியோ என்னும் அரசு அமைப்பு தரும். ஆனால் செல்லுபடியாகும் காப்பீட்டுப் பத்திரம் கையில் இருப்பவர்களுக்கு மட்டும். கூரையில் விழுந்த மழை ஒழுகியது வெள்ளமாகாது; அது உங்கள் தனியார் பத்திரத்தின் கணக்கு, பெரும்பாலும் மணிக்கு 40 மில்லிமீட்டர் தாண்டியிருந்தால்தான் தருவார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் திருட்டு நஷ்டஈடு தகராறாகும்.

ஒன்பது மாதம் பூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை: பிரதான தண்ணீர் வால்வை மூடுங்கள், தண்ணீர் சூடாக்கும் கலனை அணையுங்கள். ஒவ்வொரு தரைவடிகாலிலும் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். வளைவில் நிற்கும் தண்ணீர் ஆவியாகாது, சாக்கடை நாற்றமும் கரப்பானும் ஏறாது. அலமாரியைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிவைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். பூஞ்சை பிடிப்பது வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால்தான். திரும்பி வந்ததும் கலனை 60 டிகிரிக்குச் சூடாக்கி, எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு குளியுங்கள். தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் கிருமி வளரும்.

செலவுக் கணக்கில் கைமாற்று வரி, நோட்டரி, பதிவு, வக்கீல் எல்லாம் சேர்த்து விலைக்கு மேல் 12 முதல் 14 சதவீதம் வையுங்கள். வாடகைக்கு விடாவிட்டாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வரி உண்டு: அரசு மதிப்பு 60,000 யூரோ என்றால் அதில் 1.1 சதவீதம் 660. அதன் 24 சதவீதம் 158 யூரோ 40 சென்ட். சில ஊர்களில் 1.1-க்குப் பதில் 2 சதவீதம். பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், மூன்று மாதம் முழுக்கத் தங்கினால் அது தீர்ந்துவிடும். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா தனி. வீடு வாங்கினால் வசிப்புரிமை தரும் திட்டம் 2025 ஏப்ரல் 3-இல் முடிந்துவிட்டது. அதைக் காட்டி யாராவது விற்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை எங்கள் கருத்து: விலை குறைத்தால் வாங்கலாம், முகவர் சொன்ன விலைக்கு வேண்டாம். ஜன்னல் மாற்றம், இருவழி ஏசி, மின்திறன் உயர்வு, வரக்கூடிய தெர்ராமா ஆகிய நான்குக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அதைக் கழித்துப் பேசுங்கள். அதே கட்டடத்தில் தெற்குப் பார்த்த வீடு விற்பனைக்கு வருமானால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் தகும். முன்பணமாக 10 சதவீதம் கொடுத்து ஒப்பந்தம் போடுவது அங்கே வழக்கம். நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். ஆகவே சொத்துப் பதிவாளர் தரும் நோட்டா சிம்ப்ளே (உரிமையும் கடனும் காட்டும் சுருக்கம்), சங்கத்தின் மூன்று காகிதம், ஒரு கட்டடப் பொறியாளரின் நேரடிப் பார்வை மூன்றும் முடிந்த பிறகே கையெழுத்து. இரண்டாவது தடவை வீடு பார்க்க பிப்ரவரியில், சூரியன் மறைந்த பிறகு போங்கள். கோட்டைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.