ஒரு நாடு, மூன்று அதிபர்கள்

போஸ்னியாவில் ஒரே சமயத்தில் மூன்று அதிபர்களாமே, நிஜமா? அப்படியென்றால் யார் பேச்சு எடுபடும்?
(வாசகர், சேலம்)

நிஜம்தான். போஸ்னியாக் (பெரும்பாலும் முஸ்லிம்கள்), செர்பியர், குரோட் என்று தரப்புக்கு ஒருவர். நான்கு வருடப் பதவிக்காலத்தில் தலைவர் நாற்காலி எட்டு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும். 1992-இலிருந்து 1995 வரை நடந்த போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். அப்புறம் அமெரிக்காவின் டேட்டனில், ஒரு விமானப்படைத் தளத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசித்தான் சண்டையை நிறுத்தினார்கள். அந்த ஒப்பந்தத்தின் 4-வது பின்னிணைப்புதான் இன்றைக்கும் நாட்டின் அரசியல் சட்டம். துப்பாக்கியைக் கீழே போடவைக்க எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடமாகக் குடித்தனம் நடக்கிறது. யார் பேச்சும் தனியாக எடுபடக் கூடாது என்றுதான் அதை எழுதியதே. இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவரை ஓட்டில் மடக்கினால்கூட, அவர் தன் தரப்பு மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைக் காட்டி முடிவையே நிறுத்திவிடலாம்.

சாதாரண ஆள் மூன்று அதிபருக்கும் ஓட்டுப் போடலாமா?
(வாசகி, மதுரை)

முடியாது, இங்கேதான் கூத்தே. நாடு இரண்டு பகுதி, ஸ்ரப்ஸ்கா குடியரசு ஒன்று, கூட்டமைப்பு ஒன்று. ஸ்ரப்ஸ்காவில் உங்களுக்கு வீடு இருந்தால் செர்பிய அதிபருக்கு மட்டும்தான் ஓட்டு. கூட்டமைப்பில் இருந்தால் போஸ்னியாக், குரோட் வேட்பாளர்கள் எல்லார் பெயரும் ஒரே சீட்டில் வரும், அதில் ஒரே ஒருவருக்குக் குறி போடலாம். அந்தப் பகுதியில் போஸ்னியாக்குகள்தான் பெரும்பான்மை என்பதால், அவர்களில் ஒரு பங்கினர் குரோட் வேட்பாளர் பக்கம் திரும்பினாலே அந்த நாற்காலி யாருக்கு என்று முடிவாகிவிடும். ஷெல்கோ கோம்ஷிச் 2006, 2010, 2018, 2022 என நான்கு தடவை ஜெயித்தது இப்படித்தான் என்று குரோட் கட்சிகள் இன்னமும் பொருமுகின்றன. அவரும் குரோட்தான், ஆனால் "எங்கள் ஆள் இல்லை" என்கிறார்கள். பொருமலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய அநியாயத்துக்கு இந்த அளவு சத்தம் எழவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

டெர்வோ செய்திச் ரோமா இனத்தவர், யாகோப் ஃபின்சி யூதர். இந்த மூன்று இனத்தில் எதிலும் சேராததால் இருவரும் அதிபர் தேர்தலில் நிற்கவே முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பரில் இது பாகுபாடு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் 2010, 2014, 2018, 2022 என்று நான்கு பொதுத் தேர்தல் நடந்தது, அந்த விதி அப்படியே இருக்கிறது. கூட்டமைப்புப் பக்கம் இருக்கும் தலைநகர் சாரயேவோவில் குடியிருக்கும் செர்பியரும் நிற்க முடியாது, ஸ்ரப்ஸ்காவில் குடியிருக்கும் போஸ்னியாக்கும் முடியாது. "நான் வெறும் போஸ்னியக் குடிமகள், அவ்வளவுதான்" என்று சொன்ன ஒரு பெண்மணியும் வழக்குப் போட்டு 2014-இல் ஜெயித்தார். ஜெயித்து என்ன, வேட்புமனுவில் இனம் என்ற கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

2022-இல் ஓட்டு எண்ணும்போதே தேர்தல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று படித்தேன். வதந்தியா?
(வாசகர், திருச்சி)

வதந்தி இல்லை. அக்டோபர் 2, வாக்குச்சாவடி மூடிய கொஞ்ச நேரத்தில் உயர் பிரதிநிதி (டேட்டன் ஒப்பந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வெளிநாடுகள் வைத்த ஆள்) கிறிஸ்டியன் ஷ்மிட் கையெழுத்துப் போட்டார். அவர் ஒரு ஜெர்மானியர், ஒரு போஸ்னியன்கூட ஓட்டுப் போட்டு அவரை உட்காரவைக்கவில்லை. ஆனாலும் சட்டம் போடலாம், பதவியில் இருப்பவரை நீக்கலாம், 1997-இலிருந்து அந்த நாற்காலிக்கு அவ்வளவு அதிகாரம். கூட்டமைப்பின் மேலவையான மக்கள் அவையில் 58 இடத்தை 80 ஆக்கினார். 2018 தேர்தலுக்குப் பிறகு மத்திய அரசு அமைய பதினான்கு மாதத்துக்கு மேல் இழுத்தது, அந்த முடக்கம் திரும்ப வரக் கூடாது என்பது அவர் தரப்புக் காரணம். 2023 ஜனவரியிலேயே அரசு அமைந்தது என்பதும் உண்மை. இருக்கட்டும், ஆட்டம் முடிந்த கையோடு கோல் கம்பத்தை நகர்த்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்று இனத்துக்கும் மூன்று மொழியா?
(வாசகி, கும்பகோணம்)

சட்டப்படி மூன்று. காதால் கேட்டால் ஒன்று, ஒருவருக்கொருவர் மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லை. அங்கே சிகரெட் பெட்டியில் "புகைத்தல் கொல்லும்" என்ற எச்சரிக்கையை மூன்று மொழியிலும் அச்சடித்தார்கள். முதல் இரண்டு வரியும் லத்தீன் எழுத்தில், எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவது வரியும் அதே வாக்கியம், ரஷ்ய வகை சிரிலிக் எழுத்தில். ஊர்ப் பெயர்ப் பலகையிலும் இரண்டு எழுத்தும் இருக்கும். பல ஊர்களில் யாராவது ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒன்றின் மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.