ரீல் சுழன்றால் போதுமா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். ஜெர்மானியரான என் மாமனார் 1960-களில் பதிவு செய்த ஆறு டேப்கள் வீட்டில் இருக்கின்றன, எல்லாமே 18 செ.மீ. ரீல். அவருடைய கிருண்டிக் மெஷின் இப்போது இல்லை. பழம்பொருள் சந்தையில் ஒருவர் ஊஹர் 4000 ரிப்போர்ட் என்ற டேப் ரெக்கார்டரை 120 யூரோவுக்குத் தருகிறார். "ரீல் நன்றாகச் சுழல்கிறது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்த டேப்களுக்காக என்றால் வேண்டாம். ஊஹரில் 13 செ.மீ.க்கு மேற்பட்ட ரீல் ஏறாது. 1961-இல் மியூனிக்கில் பிறந்த அந்த மெஷின், நிருபர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகும்படி செய்தது. ஒரே மோட்டாரில், வினாடிக்கு 19 செ.மீ. முதல் 2.4 செ.மீ. வரை நான்கு வேகங்கள். அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

சின்ன ரீலுக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் 4000-இன் ஹெட் (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) டேப்பின் மேல் பாதியை அப்படியே படிக்கும். உங்கள் மாமனாருடையது டேப்பின் அகலத்தை நான்கு பட்டைகளாகப் பிரித்துப் பதியும் நான்கு ட்ராக் மெஷினாக இருந்திருந்தால், அவர் பேசுவதோடு, ரீலைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் பதிந்ததும் பின்னோக்கி ஓடிச் சேர்ந்து கேட்கும். 18 செ.மீ. ரீல் ஏறும் நான்கு ட்ராக் மெஷினைத் தேடுங்கள். இரண்டு ட்ராக் மோனோ பதிவையும் அது படித்துவிடும், இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூடும்.

ரீல் சுழல்கிறது என்றால் மோட்டாரில் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த மெஷின்களில் கெடுவது பெரும்பாலும் ரப்பர். மூடியைத் திறக்கச் சொல்லி பெல்ட்டை விரலால் தொடுங்கள். தார் மாதிரி ஒட்டினால் பழுது செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், மெஷினை அணைத்துவிட்டு ஹெட்டின் மேல் விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டுங்கள். டேப் உரசிய ஓரத்தில் நகம் தட்டினால் ஹெட் தேய்ந்திருக்கிறது. பியானோ பதிவான ஒரு டேப்பைக் கையோடு கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள். நீண்ட சுரம் நடுங்கினால் வேகம் சீராக இல்லை. மாமனார் டேப்பை மட்டும் சோதனைக்குப் போடவே போடாதீர்கள்.

விளம்பரத்தில் 'ஃப்யூர் பாஸ்ட்லர்' என்று இருந்தால், பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கான பொருள் என்று அர்த்தம். வியாபாரியிடம் வாங்கினால், பழைய பொருளாக இருந்தாலும் குறைந்தது ஓராண்டுக்குக் குறைபாடுகளுக்கு அவர் சட்டப்படி பொறுப்பு. தனிநபர் அந்தப் பொறுப்பை முன்கூட்டியே விலக்கிக்கொள்ளலாம்.

ஆறு டேப்தானே? மெஷின் தேடும் முன், டிஜிட்டலாக மாற்றித் தருபவர்களிடம் ஒரு விலை கேட்டுவிடுங்கள்.